சும்மா இருக்கிற உத்தியோகம்

கோபம் எல்லாருக்கும்தான் வருகிறது. அற்புதம்மாளுக்குக் கோபம் வருகிற காரணம்தான் வேறு மாதிரி. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அவளுக்குக் கோபம் வராது. சர்ச் பூசையில் பாட்டுக்காரர்கள் சுருதி விட்டுப் பாடினால்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு வேலையை ஒருவர் மெதுவாக, கோணலும் மாணலுமாக, தட்டுத்தடுமாறிச் செய்வதை மட்டும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊசியில் நூல் கோக்கிறவள் இரண்டாம் தடவை நூல் நுனியை வாயில் வைத்தாலே போதும், பிடுங்கிக் கோத்துக் கையில் திணித்துவிடுவாள். பாலக்கரையில் அவள் தெருப் பெண்கள் அவள் வருவதைப் பார்த்தால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அரிசியைப் புடைத்தும் கொடுத்துவிட்டுத் திட்டியும் விட்டுப் போவாளே, அந்தப் பயம்.

அவள் புருஷன் அமிர்தராஜ் ஒரு கல்லூரி ஆபீசில் குமாஸ்தா. கல்யாணமான புதிதில் அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் அதைப் பிடுங்கி உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்துவிட்டாள். இனி இந்த வீட்டில் நமக்கு வேலை இல்லை என்று அன்றைக்கே அவர் தெரிந்துகொண்டார். அதிலிருந்து நிம்மதியாக ஈசிசேரில் சாய்ந்துவிட்டார்.

முதலில் அவள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் கைக்குட்டை ஓரம் அடிக்கும் அழகைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். வாங்கி இரண்டு தையல் போட்டுக் காட்டுவாள். இரண்டு தையல் ஒரு பக்கம் ஆகும், ஒரு பக்கம் நாலு பக்கமும் ஆகிவிடும். வருஷக் கடைசியில் கண்காட்சிக்கு வந்த இன்ஸ்பெக்டர் அம்மா மேஜை முழுக்கப் பரப்பியிருந்த கைக்குட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை பிள்ளைகளுக்கும் கடவுள் ஒரே கையைத்தான் கொடுத்தாரா என்று கேட்டார். அடுத்த வருஷம் வேறு டீச்சர் வந்தாள்.

பிறகு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் துணி அறையில் அவளுக்கு இடம் கிடைத்தது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மார் கோட்டு. யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், யார் தடுமாறுவதையும் பார்க்க வேண்டாம். மிஷினை மிதித்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்தாள். அப்படியே விட்டிருக்கலாம். விட்டார்களா?

அறுபத்தொன்றில் அந்த ஆஸ்பத்திரிக்கு மிஸ் டோரதி வந்து சேர்ந்தாள். பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண். பம்பாய்க்குப் போய் ஆக்குபேஷனல் தெரபி என்று ஒன்றைப் படித்துவிட்டு வந்திருந்தாள். நோயாளிக்கு அடிபட்ட கையையும் காலையும் வேலை செய்ய வைத்தே பழக்கிச் சரிசெய்வது என்பது அந்தப் படிப்பு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்துகிற ஓட்டுக் கொட்டகையை அவளுக்கு ஒழித்துக்கொடுத்தார்கள். வாசலில் இங்கிலீஷில் ஒரு போர்டு தொங்கியது. ஆயாக்கள் அதைப் பார்த்துவிட்டு, கைவேலை ரூம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

டோரதிக்கு ஒரு அசிஸ்டென்ட் தேவைப்பட்டது. கைவேலை தெரிந்தவளாக இருக்க வேண்டும், நோயாளிகளிடம் தமிழில் பேசத் தெரிய வேண்டும். டோரதி பேசியது ரயில்வே காலனித் தமிழ். அதில் யாருக்கும் மரியாதை கிடையாது. தள்ளாத வயதில் வந்த மிராசுதாரையும் "நீ வா, இங்கே உக்காரு" என்பாள், அதுவும் சிரித்த முகத்தோடு. ஆக அற்புதம்மாளைத் துணி அறையிலிருந்து இழுத்துவந்தார்கள். ஒரு வருஷம் டோரதியிடம் பயிற்சி, அதில் தேறினால் அசிஸ்டென்ட் என்று மேட்ரன் சொன்னார். அற்புதம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிரம்புக் கூடை, தறியில் துண்டு, களிமண் பொம்மை என்று அறை நிறையச் சாமான். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு எப்படியெல்லாம் செய்து அடுக்கலாம் என்று அன்று ராத்திரியே அமிர்தராஜிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதல் நாள் ஒரு ஆள் வந்தான். லாரி கிளீனர். கையில் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்திருந்தார்கள். பலகையில் உள்ள ஓட்டைகளில் மரக்குச்சிகளை எடுத்துச் சொருக வேண்டும், அவ்வளவுதான். அவன் ஒரு குச்சியை எடுப்பதற்குள் சர்ச் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. எடுத்த குச்சி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. அற்புதம்மாளின் கை அதுவாகப் போய்க் குச்சியை எடுத்து ஓட்டையில் சொருகியது.

டோரதி கத்தவில்லை. "அற்புதம், அது அவன் கை. உன் கை இல்லே. உன் கையை மடியில வை" என்றாள்.

அதுதான் வேலை. கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொருவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எங்கே தடுமாறுகிறார், எதனால் விழுகிறது, எந்த விரல் மடங்கவில்லை என்று கவனிக்க வேண்டும். வேண்டுமானால் வாயால் ஒரு வார்த்தை சொல்லலாம். தொடக் கூடாது. சும்மா இருப்பதற்கு ஒரு வருஷப் பயிற்சியா என்று அவள் வீட்டில் வந்து குதித்தாள். உனக்கு ஒரு வருஷம் போதாது என்று அமிர்தராஜ் பேப்பரை விட்டுத் தலையை எடுக்காமலே சொன்னார். அந்தக் கோபத்தில் அவரை வைத்தே பழகுவது என்று முடிவுசெய்தாள். மறுநாள் காலை அவர் சட்டையைத் தேடினார், கண்ணாடியைத் தேடினார், குடையைத் தேடினார். எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஆபீசுக்கு லேட்டாகப் போனார். அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

கைவேலை ரூமில் வெளிநாட்டிலிருந்து வந்த பலகை ஒன்று இருந்தது. அதில் பித்தானும் ஜிப்பும் பூட்ஸ் கயிறும் வரிசையாகத் தைத்திருக்கும். இவற்றைப் போட்டுக் கழற்றிப் பழக வேண்டும். வருகிறவன் இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. அவன் பூட்ஸ் கயிற்றை எங்கே கண்டான்? அற்புதம்மாள் இதைச் சண்டையாகவே கொண்டுபோனாள். டோரதி கேட்டுவிட்டு, சரிதான் என்று பலகையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். டோரதியிடம் இதுதான் பெரிய தொல்லை. நன்றாக ஒரு சண்டைகூடப் போட முடியாது.

நோயாளிகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். கூட வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நோயாளிக்கு மூன்று பேர். டம்ளரை எடுங்கள் என்று புருஷனிடம் சொன்னால் பெண்டாட்டி எடுப்பாள். கையைத் தூக்கு என்று பையனிடம் சொன்னால் அம்மா அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, தூக்கிட்டான் பாருங்க என்பாள். உடம்புக்கு முடியாதவனை வேலை வாங்குகிறீர்களே, உங்களுக்கு மனசே இல்லையா என்று அழுகை வேறு. போதாக்குறைக்கு, கூடை பின்னி முடித்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று வார்டு முழுக்க யாரோ கிளப்பிவிட்டார்கள். அதைப் பரீட்சை என்றே நினைத்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் கூடையை வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துப் பின்னிக் கொண்டுவந்து நீட்டினார்கள். இவர்களையெல்லாம் தடுத்து நிறுத்துவது அற்புதம்மாளின் பொறுப்பு. வேறு ஆளே கிடைக்கவில்லையா கடவுளே என்று அவள் மாதாவிடமே கேட்டிருக்கிறாள்.

ஐப்பசி முடிவில் காளியாயி வந்தாள். உப்பிலியபுரம் பக்கத்துப் பெண், முதல் பிள்ளைக்காரி. வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் ஆலைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தபோது வலது கை உள்ளே போய்விட்டது. இரண்டு விரல் போயிற்று. மிச்ச விரல்கள் இருந்தும் மடங்கவில்லை. பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். இரண்டு மாதம் வார்டில் கிடந்து புண் ஆறியதும் பெரிய டாக்டர் கைவேலை ரூமுக்கு அனுப்பினார். அவளுக்குத் துணையாக வந்தவள் வள்ளிக்கண்ணு, அவள் புருஷனின் அக்கா. புருஷனுக்கோ, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத சுபாவம். எல்லா முடிவும் மாமியார் பொன்னுத்தாயினுடையது.

வள்ளிக்கண்ணுவைப் போல ஒரு துணையை அற்புதம்மாள் பார்த்ததில்லை. தலை பின்னிவிடுவாள், புடவை கட்டிவிடுவாள், சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டுவாள், ஊட்டிவிட்டு வாயையும் துடைத்துவிடுவாள். காளியாயி கட்டிலில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கைவேலை ரூமுக்கு வந்தால் அங்கே இருக்கிற சுவரைப் பார்ப்பாள். பிரம்பைக் கையில் கொடுத்தால் பிடித்துக்கொண்டிருப்பாள், பின்னமாட்டாள். வலிக்கிறதா என்றால் இல்லையென்று தலையை ஆட்டுவாள். பிடிக்கவில்லையா என்றால் அதுவும் கிடையாது. அற்புதம்மாள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பிரம்பைப் பிடுங்கி அவளே பின்னிவிட்டு எழுந்து போக வேண்டும்போல இருக்கும். கையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். சத்தியமாகத் தொடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால் காளியாயியின் கூடை முடிந்திருந்தது. வாய் விளிம்பை மடித்துக் கட்டி, கைப்பிடிகூட வைத்தாகிவிட்டது. டோரதி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அற்புதம்மாளைப் பார்த்தாள்.

"நீ பண்ணினியா?"

அற்புதம்மாள் கூடையைப் பிடுங்கிப் பார்த்தாள். எத்தனையோ தடவை கை நீட்டியபோதெல்லாம் தப்பித்திருக்கிறாள். ஒரு தடவை உண்மையிலேயே சும்மா இருந்தால் இந்தக் கேள்வி. வேளாங்கண்ணி மாதா மேல் ஆணையாக இல்லை என்றாள். டோரதி நம்பின மாதிரியும் தெரியவில்லை, நம்பாத மாதிரியும் தெரியவில்லை. இந்த வேலை எல்லாருக்கும் ஒத்து வராது என்றும், துணி அறையில் இன்னும் யாரையும் போடவில்லை என்றும் மட்டும் அமைதியாகச் சொன்னாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு அற்புதம்மாள் வெளியே பாய்ந்தாள். குழாயடியில் வள்ளிக்கண்ணு காளியாயியின் புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். யார் இதைப் பின்னியது என்று கேட்டதற்கு, கொஞ்சம்கூடக் கூசாமல் தான்தான் என்றாள். கூடை முடிந்தால் காளியாயியைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள், தானும் ஊருக்குப் போகலாம் என்றாள். அங்கே அப்படி என்ன தலைபோகிற வேலை என்று அற்புதம்மாள் சீறினாள்.

"பிள்ளை இருக்குங்களே" என்றாள் வள்ளிக்கண்ணு. "எங்கம்மா வச்சிருக்கு. அதுக்கு வயசாயிடுச்சு. நான் போயித்தான் வளக்கணும். இவ கை இப்படி ஆயிடுச்சே, இவ எப்படிப் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துவா? வழுக்கி விட்டுட்டா என்ன பண்றது? பிள்ளை இனிமே உங்கிட்டதான்னு எங்கம்மா சொல்லிடுச்சு."

மூன்று மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தது. இப்போது பசும்பாலில் வளர்கிறது. வள்ளிக்கண்ணுவுக்குப் பிள்ளை இல்லை. அதனாலேயே புருஷன் வீட்டில் வாழவிடவில்லை, தம்பி வீட்டோடு வந்து இருக்கிறாள். தம்பி பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் தோளில் போட்டால்தான் தூங்கும். இதையெல்லாம் அவள் மறைக்காமல், புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். அற்புதம்மாளுக்குத் திட்டத்தான் வந்தது, ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? இவள் பொய் சொல்லவில்லை, சூது செய்யவில்லை. அன்பாக இருந்தே ஒருத்தியிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். சீப்பு, சோறு, புடவை, கடைசியில் பிள்ளை.

திரும்பினால் வராந்தாவில் காளியாயி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை, முன்னமே தெரிந்திருக்கிறது. வந்ததிலிருந்து வாயைத் திறக்காதவள் அப்போது திறந்தாள்.

"கூடை பின்னி நான் என்ன டீச்சரம்மா பண்ணப்போறேன்? எம்புள்ளைக்கு நான் தண்ணி ஊத்த முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

அற்புதம்மாள் அவளை அப்படியே டோரதியிடம் இழுத்துக்கொண்டு போனாள். கூடை யார் பின்னியது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அந்தக் கணக்கு தீர்ந்த பிறகுதான் பிள்ளை விஷயத்தைச் சொன்னாள். டோரதி கேட்டுக்கொண்டு, பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவீர்கள் என்றாள். சின்ன வயதில் அவளைத் தகரத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டியிருப்பார்கள்போல. அற்புதம்மாள் தரையில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டினாள். ஒரு தலையணையைக் கால்மேல் போட்டாள். முதலில் மல்லாக்கப் போட்டுத் தேய்த்து ஊற்ற வேண்டும், பிறகு குப்புறப் புரட்டி முதுகுக்கு ஊற்ற வேண்டும் என்று செய்து காட்டினாள். டோரதி இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, கஷ்டம் எல்லாம் புரட்டுகிற இடத்தில்தான் என்றாள். அங்கே விரல் வேண்டாம், மணிக்கட்டுக்கு மேலே இருக்கிற கை போதும், அதைப் பிள்ளையின் மாருக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் புரட்டலாம் என்றாள். அற்புதம்மாளுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றவில்லையே என்று அதற்கும் ஒரு எரிச்சல்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஊரோடு ஸ்ரீரங்கம் வருகிற பொன்னுத்தாய் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு வருவாள், மறுநாள் இங்கே வந்து இருவரையும் அழைத்துப்போவாள் என்று ஏற்பாடு. அதற்குள் காளியாயி பழகி, மாமியார் கண்ணெதிரே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். எதை வைத்துப் பழகுவது? தலையணை வழுக்காது. பொம்மைக்குக் கனம் இல்லை. அற்புதம்மாள் சமையல்கட்டுக்குப் போய், பிள்ளை கனத்துக்கு ஒரு பூசணிக்காயைப் பொறுக்கி எடுத்துவந்தாள். அதற்கு நல்லெண்ணெய் தடவினாள்.

அதன் பிறகு கைவேலை ரூமில் நடந்த கூத்தைப் பார்க்க வார்டே வந்தது. காலை நீட்டி உட்கார்ந்து ஒருத்தி பூசணிக்காய்க்குத் தலை முழுக்காட்டுகிறாள். புரட்டும்போது பூசணிக்காய் வழுக்கிப் போய்த் தரையில் விழுந்து பிளக்கும். பிளந்ததை ஆயா பொறுக்கிச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோவாள். சமையல்கட்டு சிஸ்டர் வந்து, ஆஸ்பத்திரியில் இனி எத்தனை வேளைதான் பூசணிக்காய்க் கூட்டே சாப்பிடுவது என்று சண்டைக்கு நின்றாள். பின்னால் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வந்து, அங்கிருந்தும் ஆட்கள் கைவேலை ரூமுக்கு வர ஆரம்பித்த காலத்தில்கூட அற்புதம்மாளுக்குப் பூசணிக்காய் டீச்சர் என்கிற பெயர் போகவில்லை.

பூசணிக்காய் நழுவும் ஒவ்வொரு தடவையும் அற்புதம்மாளின் தோள் வெட்டி இழுக்கும். கடைசியில் கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். காளியாயிக்கோ எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது. பூசணிக்காயைத் திட்டினாள், கொஞ்சினாள், ஆடாதேடா என்று அதட்டினாள். அற்புதம்மாள் ஒரு தடவை தன்னை மறந்து முன்னால் சாய்ந்தபோது, கிட்ட வராதீங்க என்று அவளையே அதட்டினாள். அற்புதம்மாளுக்குச் சுருக்கென்றது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. வள்ளிக்கண்ணு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பூசணிக்காய் உதைக்குமா, வீறிடுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

ஏகாதசிக்கு மறுநாள் பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். ராத்திரியெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் நின்று நசுங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, தொண்டை கட்டி, கால் வீங்கி, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளை மேலெல்லாம் புழுதி. காளியாயி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்தான். யாரோ என்பதுபோலப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி வள்ளிக்கண்ணுவிடம் தாவினான். வள்ளிக்கண்ணு வாரி அணைத்துக்கொண்டாள். அவளும் நடுவில் இரண்டு தடவை ஊருக்குப் போய்ப் பார்த்ததோடு சரி, அணைக்காமல் என்ன செய்வாள்? காளியாயி நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். அற்புதம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல் வெந்நீர் அண்டாவைக் கொண்டுபோய்க் குழாயடிக் கல்லின் மேல் வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் பொன்னுத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்கழிக் குளிரில் பச்சைப் பிள்ளையை வைத்து விளையாடுகிறீர்களா என்றாள். டோரதி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அற்புதம்மாளுக்குப் பேச நிறைய இருந்தது. அதற்குள் காளியாயி கல்லில் உட்கார்ந்து, புடவையை ஏற்றிக்கொண்டு, காலை நீட்டிவிட்டாள்.

"அண்ணி, குடுங்க" என்றாள்.

வள்ளிக்கண்ணு தன் அம்மாவைப் பார்த்தாள். பொன்னுத்தாய்க்கு நிற்கவும் முடியவில்லை. திண்டாடிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"ஊத்தட்டும். முடியலேன்னா அதோட சரி. அப்புறம் யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

வள்ளிக்கண்ணு பிள்ளையின் சட்டையைக் கழற்றி, காளியாயியின் கால்மேல் படுக்கவைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை, பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். அற்புதம்மாள் இந்தப் பக்கம் குந்திக்கொண்டாள். பிள்ளை எடுத்த எடுப்பிலேயே வீறிட்டான். காளியாயி இடது கையால் எண்ணெய் தேய்த்தாள், பயத்தமாவு தேய்த்தாள், சொம்பில் வெந்நீர் எடுத்து மாரில் ஊற்றினாள். பிள்ளை உதைத்தான். அவள் முழங்காலை லேசாக உயர்த்தி அணை கொடுத்தாள். அதுவரை சரி. இனிப் புரட்ட வேண்டும்.

வலது கையை மாருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். பாதி புரண்டவன் முதுகை வில்லாக வளைத்து ஒரு துள்ளு துள்ளினான். எண்ணெய் உடம்பு அவள் கைமேல் வழுக்கிக் கணுக்கால் பக்கமாகச் சரிந்தது. தலை கல்லை நோக்கிப் போயிற்று. வள்ளிக்கண்ணு பாய்ந்தாள். அற்புதம்மாளும் பாய்ந்தாள். அவள் இரண்டு கையும் பிள்ளையை நோக்கித்தான் போயின, அதில் சந்தேகமே இல்லை. போன கைகள் நடுவழியில் வள்ளிக்கண்ணுவின் கைகளைப் பிடித்தன. பிடித்து இழுத்துத் தன் மடியோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். வள்ளிக்கண்ணு திமிறினாள். நகம் அற்புதம்மாளின் தோலில் இறங்கியது. அவள் விடவில்லை. காளியாயியின் கையிலிருந்து பிள்ளை விழுந்தால் இந்த ஊரில் தனக்கு மன்னிப்பே கிடையாது என்று தெரிந்தும் விடவில்லை.

காளியாயி கத்தவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பாதங்களை ஒன்றாக நெருக்கி மேலே தூக்கினாள். சரிந்த உடம்பு அதில் முட்டி நின்றது. மடங்காத கையை முழங்கை வரை மாருக்கு அடியில் நுழைத்துத் தன் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்து, குப்புறப் போட்டாள். "எங்கடா போறே, நான் இங்க இருக்கேன்ல" என்று திட்டிக்கொண்டே சொம்பை எடுத்தாள். முதுகில் வெந்நீர் விழுந்தது. இன்னொரு சொம்பு விழுந்தது. வீறிடல் அழுகையாகி, அழுகை விக்கலாகி, பிள்ளை கன்னத்தை அவள் கால்மேல் சாய்த்துக்கொண்டு விரலைச் சப்ப ஆரம்பித்தான்.

பொன்னுத்தாய் சுவரோரத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"கழுத்து மடிப்புல எண்ணெய் அப்படியே நிக்குது. அதைத் தேச்சுவிட மாட்டியா? நாளைக்கு ஊர்லயும் இப்படித்தான் ஊத்தப்போறியா?"

பிறகு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். இரண்டு கையும் நன்றாக இருக்கிற மருமகளிடம் மாமியார் என்ன குறை சொல்வாளோ அதே குறை. டோரதிக்கு அது புரிந்ததோ என்னவோ, காளியாயிக்குப் புரிந்தது. அவள் பிள்ளையை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அற்புதம்மாள் இன்னும் வள்ளிக்கண்ணுவின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவை திமிறுவதை எப்போதோ நிறுத்தியிருந்தன. வள்ளிக்கண்ணு அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

"இனிமே இந்தக் கைக்கு என்னங்க வேலை, டீச்சரம்மா?"

அற்புதம்மாளுக்கு டோரதி மேல் கோபம் வந்தது. ஒரு வருஷம் பாடம் நடத்துகிறவள் இதை ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? ஒருத்தி கைக்கு வேலை கொடுத்தால் இன்னொருத்தி கை வெறுங்கையாகிறதே, அதற்கு எந்த ரூமில் போய்ச் சொல்வது? அந்தக் கைகளை விடவும் மனசு வரவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை.

"அண்ணி" என்றாள் காளியாயி. பிள்ளை மேலிருந்து தண்ணீர் அவள் ரவிக்கையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. "அங்க உக்காந்துகிட்டு என்ன பண்றீங்க? துண்டை எடுத்துட்டு வாங்க. எனக்குத் தலை துவட்ட வராது, பிள்ளை நடுங்குறான்."

வந்த நாளிலிருந்து காளியாயி வாயைத் திறந்து கேட்டு வாங்கின முதல் உதவி அதுதான். அற்புதம்மாள் கையை விட்டாள்.